வழக்கு இல்லாதவள் எழுதும் மடல்

பழைய நில ஆவண அறைகளுக்குப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

உங்கள் ஆவண அறைக் கதவில் போன மாதம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறீர்கள். பழைய இனாம் (வரியில்லா மானிய நிலம்) பதிவேடுகளும் செட்டில்மெண்ட் கோப்புகளும் நடப்புப் பட்டாதாரருக்கும், நீதிமன்ற உத்தரவோடு வருபவருக்கும் மட்டுமே காட்டப்படும். 'இதர காரணங்களுக்காக' யாரும் விண்ணப்பிக்க வேண்டாம் என்கிறது அந்தத் தாள். அந்த இதர காரணம் நான்தான் என்று நினைக்கிறேன். ஆறு மாதமாக அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது வேறு யாரும் இல்லையே.

முதல் தடவை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்தவர், "கேஸ் ஏதாவது இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "பட்டா உங்க பேர்லயா?" இல்லை. "பாகப்பிரிவினையா?" அதுவும் இல்லை. "அப்புறம் எதுக்கும்மா?" என் குடும்பத்தில் முன்னால் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கேலி செய்ததாகச் சொல்ல மாட்டேன். இப்படி ஒரு மனுவை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

குடும்பத்தைத் தேடுகிறவள் நில ஆவண அறைக்கு ஏன் வர வேண்டும் என்று நீங்களும் கேட்கலாம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இனிஷியல் ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஊரில் அதே பெயரில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிற குடும்பங்களுக்காவது பிடித்து ஏற ஒரு கொடி உண்டு, எங்களுக்கு அதுவும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களை யாரும் பார்க்க முடியாதென்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மிச்சம் இருப்பது நிலம். ஆளுக்குப் பெயர் மாறும், ஊர் மாறும். வயல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த வயலுக்கு எதிரே யார் பெயர் எழுதியிருந்தது என்று பின்னோக்கிப் போவதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு இருக்கிற ஒரே வழி.

அப்படிப் பின்னோக்கிப் போனால் கடைசியில் வந்து நிற்கிற இடம் இனாம் பதிவேடு. 1858ல் ஜி. என். டெய்லர் தலைமையில் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் தொடங்கியது. ராஜாக்களும் நவாபுகளும் பாளையக்காரர்களும் வரியில்லாமல் விட்டுக்கொடுத்த மானிய நிலம் எங்கெங்கே இருக்கிறது, இப்போது யார் கையில் இருக்கிறது, ஏன் வரி கட்டாமல் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. வசூலுக்காக வந்தவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் வசூலுக்காகக் கேட்ட கேள்விகள் இருக்கின்றனவே, அவற்றை எந்த வம்சாவளிக்காரரும் அத்தனை ஒழுங்காகக் கேட்டிருக்க மாட்டார். மானியம் எந்த வகை, கொடுத்தது யார், எப்போது, பட்டயம் ஏதாவது உண்டா, அசலாகப் பெற்றவர் பெயர் என்ன, பழைய கணக்கில் யார் பெயர் இருந்தது, இப்போது அனுபவிப்பவர் யார், வயது என்ன, எந்த ஊரில் இருக்கிறார், அசலாகப் பெற்றவருக்கு என்ன உறவு, வாரிசு யார். கடைசியில் டெபுடி கலெக்டரின் அபிப்பிராயம், கமிஷனரின் முடிவு, டைட்டில் டீடு நம்பர். ஒரே வரியில் மூன்று தலைமுறை நிற்கும்.

அதுவும் பெரிய மனிதர்களுடைய மூன்று தலைமுறை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அக்ரகாரமும் கோவில் தேவதாயமும் உண்டுதான். கூடவே ஊர்த் தச்சர், கொல்லர், வெட்டியான், ஏரி மதகு திறக்கிற நீர்க்கட்டி, சத்திரம் நடத்தியவர், நந்தவனத்தில் பூப் பறித்துக் கொடுத்தவர் என்று, வேறெந்தக் காகிதத்திலும் பெயர் ஏறாதவர்கள் அதில் பெயரோடும் வயதோடும் இருக்கிறார்கள்.

எங்களுடையது தண்ணீர்ப்பந்தல் மானியம். டெல்டாவில், வெண்ணாற்றுப் பக்கம், ஒரு சாலையோரத்தில் கோடையில் பந்தல் போட்டு வழிப்போக்கருக்குத் தண்ணீரும் நீர்மோரும் கொடுப்பதற்காக விட்ட மூன்று மா நிலம். மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் 1965 பிப்ரவரி 15 அன்று நடைமுறைக்கு வந்தபோது அதுவும் ரயத்துவாரி, அதாவது வரி கட்டும் பட்டா நிலம், ஆனது. விசாரணை நடந்து, உழுதுகொண்டிருந்தவருக்குப் பட்டா போனது. போகட்டும். பந்தலை எங்கள் வீட்டார் அதற்கு இருபது வருஷம் முன்பே விட்டுவிட்டார்கள் என்று அப்பாவே ஒத்துக்கொண்டிருக்கிறார். இதைக் குறிப்பாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் பெரியப்பா மகன் ஒருவரே, நான் உங்கள் அலுவலகத்துக்கு அலைவது தெரிந்து, "நெலத்தக் கேக்கப் போறியா அக்கா?" என்று தொலைபேசியில் நேராகக் கேட்டுவிட்டார். நிலம் எனக்கு வேண்டாம். பெயர்கள்தான் வேண்டும்.

இரண்டாவது தடவை வந்தபோது, உங்கள் பணியாளர் ஒருவர் (அவர் யார் என்று தேட வேண்டாம், நல்லது செய்தவர்) எங்கள் ஊர்ப் பதிவேட்டை இறக்கிவந்து ஜன்னலோர மேசையில் வைத்தார். பத்து நிமிஷம் என்றார். இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரித்தால் மேசை போதவில்லை. பழுப்பேறிய தடித்த காகிதம். சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து. தமிழ்ப் பெயர்களை அவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருந்ததால் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபட்டது. கட்டு நூல் தளர்ந்திருந்தது, ஓரத்தில் பூச்சி அரித்த துளைகள் நாலைந்து இருந்தன. எழுத்து ஒன்றும் போகவில்லை. மை அப்படியே இருந்தது.

விரலை வைத்துக்கொண்டே வந்தேன். தர்மதாயம் (தர்ம காரியத்துக்கு விட்ட மானியம்), தண்ணீர்ப்பந்தல். கொடுத்தவர்: தஞ்சாவூர் ராஜா. ஆண்டு: தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது, எங்கள் வீட்டிலும் இதே பதில்தான் சொல்வார்கள். அசலாகப் பெற்றவர் என்று ஒரு பெயர், எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாதது. அடுத்து, இப்போது அனுபவிப்பவர். அங்கே ஒரு பெண் பெயர் இருந்தது. விதவை, வயது 40.

அது என் பெயர்.

நான் பிறந்தபோது எனக்குப் பெயர் வைத்தவர் தாத்தாவின் தங்கை, அத்தைப்பாட்டி. "உனக்கு எங்க அப்பாயி பேரு" என்று சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் அந்த அப்பாயியை, அதாவது அத்தைப்பாட்டியுடைய அப்பாவின் அம்மாவைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. வீட்டில் எழுதி வைத்திருக்கிற வம்சாவளியில் ஆண்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். மனைவி என்று ஒரு பெயர்கூடக் கிடையாது. புருஷன் போன பிறகு ஒரு பொம்பளை தனியாகப் பந்தல் நடத்தியிருக்கிறாள், கமிஷன்காரர்கள் முன்னால் நின்று வயது சொல்லியிருக்கிறாள் என்பதை எனக்குச் சொல்வதற்கு நூற்றறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளைக்காரன் கணக்குப் புத்தகம் வேண்டியிருந்தது.

உறவு என்ற கலத்துக்கு வந்தேன். அதற்கு அடுத்தது வாரிசு. அதற்குள் யாரோ மேலதிகாரி வருகிறார் என்று பதிவேட்டை மூடிவிட்டார்கள். அந்தக் கலத்தில் ஒரு சிறுவன் இருந்து, அவன் பெயர் என் கொள்ளுத்தாத்தா பெயராக இருந்தால் சங்கிலி சேர்ந்துவிடும். இல்லாவிட்டால் அது வேறு யாரோ, பெயர் ஒத்துப்போனது தற்செயல். நான் அறிந்துகொள்ள வேண்டியது ஒரே ஒரு கட்டத்தில் இருக்கிறது.

நகல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். பட்டாதாரர் இல்லை, வழக்கும் இல்லை என்று திரும்பி வந்தது. சரி என்று பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். முப்பது நாளில் வர வேண்டிய பதில் நாற்பத்தோராம் நாள் வந்தது: 'கோரப்பட்ட ஆவணம் மிகவும் சிதிலமடைந்த நிலையில் உள்ளதால் வழங்க இயலாது.' நாலு மாதத்துக்கு முன்னால் என் விரல் பட்ட பக்கம் அது. நாலு மாதத்தில் சிதிலமாகிவிட்டதென்றால், அதற்கு நீங்கள் வேறொரு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தச் சட்டத்தின் 6(2) பிரிவு, தகவல் கேட்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்கிறது. நீங்கள் ஒட்டியிருக்கும் தாள் முழுக்கக் காரணம் கேட்கிறது. ஆவணத்தைப் பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் தகவல் உரிமையில் அடங்கும் என்று அதே சட்டத்தின் 2ஆம் பிரிவில் இருக்கிறது. நடந்து 20 ஆண்டு ஆன விஷயங்களுக்கு விலக்குகளில் பெரும்பாலானவை செல்லாது என்று 8(3) சொல்கிறது. நான் கேட்பது 1860களின் பதிவேடு. 2005லேயே 4(1) பிரிவு, பொது அதிகார அமைப்புகள் எல்லா ஆவணங்களையும் வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. உங்கள் அறையில் எந்த ஊருக்கு எந்தப் பதிவேடு இருக்கிறது என்பதற்கு ஒரே அட்டவணை, இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வுபெறப்போகிற ஒருவரின் ஞாபகம்தான்.

'நடப்புப் பட்டாதாரருக்கு மட்டும்' என்ற வரியைத்தான் என்னால் கொஞ்சமும் ஏற்க முடியவில்லை. நிலத்தைத் தக்கவைத்துக்கொண்டவருக்கு வீட்டிலேயே பத்திரம் இருக்கிறது, மூலப்பத்திரம் இருக்கிறது, வில்லங்கச் சான்று போட்டால் வருகிறது. அவருக்கு உங்கள் பதிவேடு அவ்வளவாகத் தேவைப்படாது. தேவைப்படுவது நிலம் கையைவிட்டுப் போனவர்களுக்கு. கல்யாணம் ஆகி வெளியூர் போன மகள்களுக்கு. ஊழிய மானியம் போனதோடு ஊரையும் விட்டுப் போன குடும்பங்களுக்கு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தில் தாத்தாவின் தாத்தா பெயர் இருந்தது என்று கேள்விப்பட்டு, அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வருகிற பேரப்பிள்ளைகளுக்கு. இவர்களில் யார் பெயரில் இன்று பட்டா இருக்கும்? நிலத்தோடு சேர்த்து நினைவையும் பறிகொடுக்க வைக்கிற விதி இது. இதை எழுதியவர் அப்படி யோசித்து எழுதியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் விதி அப்படித்தான் வேலை செய்கிறது.

உங்கள் பக்கத்து நியாயம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பழைய பதிவேட்டு நகலைக் கையில் வைத்துக்கொண்டு போலிப் பத்திரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கோவில் நிலத்தைத் தன் பாட்டன் சொத்து என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இனாம் பதிவேட்டுக்கு நீதிமன்றத்தில் பெரிய மதிப்பு உண்டு என்று 1919லேயே, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கிறது, அதனால் நீங்கள் பயப்படுவதும் புரிகிறது. ஆனால் பூட்டி வைப்பதால் அந்த ஆட்கள் நிற்கப் போகிறார்களா? அவர்களுக்கு வழக்கு இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், உத்தரவோடு வருவார்கள். உங்கள் தாளின்படி அவர்களுக்குத்தான் கதவு திறந்திருக்கிறது. கதவுக்கு வெளியே நிற்பது நான். போலிக்கு மருந்து வெளிச்சம்தான். பத்துப் பேர் பார்த்த பக்கத்தைத் திருத்துவது கஷ்டம். யாருமே பார்க்காத பக்கத்தைக் கிழித்தால் யாருக்குத் தெரியும்?

"எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்களேன்" என்றும் ஒருவர் சொன்னார். அங்கே இனாம் பதிவேடுகள் உண்டு என்று எனக்குத் தெரியும், தேவைப்பட்டால் போவேன். ஆனால் 1960களின் செட்டில்மெண்ட் விசாரணைக் கோப்புகள், யார் வந்து என்ன சாட்சி சொன்னார் என்ற தாள்கள், கர்ணம் எழுதிய கிராமக் கணக்குகள் எல்லாம் உங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. 1980ல் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்தபோது அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் இருந்த கணக்குகள் எத்தனை வந்து சேர்ந்தன, எத்தனை அடுப்புக்குப் போயின என்று யாரும் எண்ணவில்லை. 1979லிருந்து 1987 வரை நடந்த யு.டி.ஆர். வேலைக்கு, அதாவது நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த வேலைக்குப் பிறகு, கணினியில் ஏறியதுதான் ஆவணம், அதற்கு முந்தியது பழைய குப்பை என்ற எண்ணம் அலுவலகங்களில் ஊறிப்போய்விட்டது. யு.டி.ஆரில் ஒரு பெயர் தப்பாக ஏறினால் திருத்த இந்தக் குப்பையைத்தான் தேடுகிறீர்கள் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது தடவை வந்தபோது தாழ்வாரத்தில் சாக்குகள் அடுக்கியிருந்தன. ஒன்றின் வாய் பிரிந்து, பசலி (வருவாய்த் துறைக் கணக்கின் ஆண்டு) எண் போட்ட அட்டை வெளியே தெரிந்தது. பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன், 1897 வந்தது. கழிவுக்கா என்று கேட்டேன். "ஸ்கேன் பண்ணப் போகுதும்மா" என்றார் ஒருவர். "அதெல்லாம் தேவையில்லாதது" என்றார் இன்னொருவர். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில்தான் எத்தனையோ பேருடைய கொள்ளுப்பாட்டிகள் சாக்கில் கிடக்கிறார்கள்.

அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கு 160 ஏக்கர் கொடுத்த சட்டம் 1862ல் வந்தது. இங்கே இனாம் கமிஷன் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த அதே காலம். அங்கே அரசு கொடுத்த நிலப் பட்டயங்களை இன்று யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் அவ்வளவு தூரம்கூடக் கேட்கவில்லை. பஸ் பிடித்து வருகிறேன், வரிசையில் நிற்கிறேன்.

நான் கேட்பது இவைதான். முதலில் கதவில் இருக்கும் அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, உங்கள் அறையில் ஊர்வாரியாக என்னென்ன பதிவேடுகள், எந்தப் பசலிக்கு இருக்கின்றன, எவை உண்மையிலேயே சிதிலமானவை என்ற பட்டியலை ஒட்டுங்கள். அந்தப் பெரியவர் ஓய்வுபெறும் முன் அவரை உட்கார வைத்தே அதை எழுதிவிடலாம். வாரத்தில் ஒரு நாள், அரை நாளானாலும் சரி, வழக்கு இல்லாதவர்களும் உங்கள் பணியாளர் கண்முன்னே உட்கார்ந்து பார்க்கவும், பென்சிலால் குறிப்பெடுக்கவும், ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் படம் எடுக்கவும் அனுமதி கொடுங்கள். சான்றிட்ட நகல் எனக்கு வேண்டாம். 'குடும்ப வரலாற்றுக்காக மட்டும், உரிமைச் சான்று அல்ல' என்று பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே முத்திரை குத்திச் சாதாரண நகல் கொடுங்கள். போலிப் பயமும் தீரும்.

அடுத்தது சாக்குகள். எந்தப் பழைய கட்டையும், அதில் என்ன இருந்தது என்ற பட்டியலை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல மூன்று மாதமாவது அவகாசம் கொடுக்காமல் கழிக்கக் கூடாது. ஸ்கேன் எடுத்தாலும் ஒவ்வொரு பக்கமும், முக்கியமாக இரண்டு பக்கம் விரிகிற பதிவேட்டின் வலது ஓரக் கலங்கள், படிக்க முடிகிறதா என்று ஒரு ஆள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகும் அசலை வைத்திருங்கள். தாழ்வாரத்தில் கிடக்கும் சாக்குகளை மழைக்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள். இதற்கு உத்தரவு எதுவும் வர வேண்டியதில்லை, இரண்டு ஆள் போதும்.

என் முதல் மேல்முறையீடு உங்கள் மேசையில் இருக்கிறது. அதில் நான் கேட்டிருப்பது ஒரே பக்கம். நகல் எடுத்தால் தாள் உடையும் என்று பயந்தால் நகல் வேண்டாம். நீங்களே புரட்டுங்கள், நான் தொட மாட்டேன். தண்ணீர்ப்பந்தல் என்று எழுதிய வரியில் வலது பக்கம், வயது 40க்கு அப்புறம் உறவு, அதற்கும் அப்புறம் வாரிசு. அங்கே ஒரு பையன் பெயர் இருக்கிறதா, வயது ஏழோ எட்டோ போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு வரலாம் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்